சுயேச்சையாக நிற்க: நாடாளுமன்றமா, சட்டமன்றமா?

நெல்லைப் பக்கம் கட்சி சாராமல் தேர்தலில் நிற்க நினைக்கும் உள்ளூர்க்காரருக்கு வரும் முதல் குழப்பம் இது.

டெபாசிட் நாடாளுமன்றத்துக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் பணம் போய்விடும். இரண்டுக்குமே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருவர் போதும் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

சரி, உண்மையான வித்தியாசம் பரப்பளவில் இருக்கிறது. நெல்லை நாடாளுமன்றத் தொகுதி என்றால் ஆலங்குளம், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆலங்குளம் பக்கம் மடியில் முறத்தோடு பீடி சுற்றும் அக்காவிடம் கூலியைப் பற்றிப் பேச வேண்டும். உவரியில் வலை பின்னும் அண்ணாச்சியிடம் கடலரிப்பைப் பற்றிப் பேச வேண்டும். சின்னமோ வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குள் புதுச் சின்னத்தை ஆறு தொகுதிக்கும் கொண்டுபோக, கிளை வைத்திருக்கும் கட்சிகளே திணறும். ஒரு சட்டமன்றத் தொகுதி என்றால் ஊர் ஊராக நடந்தே பாதியை முடிக்கலாம்.

அப்புறம், எதற்காக நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கூடங்குளம் அணுஉலை, ரயில் எல்லாம் டெல்லி விவகாரம். அதற்கு நாடாளுமன்றமே சரி. தாமிரபரணியில் கலக்கும் சாக்கடை, குளத்து மடை, ஊர் ஆஸ்பத்திரி என்றால் சென்னையில்தான் கேட்க வேண்டும். முதல்முறை நிற்பவருக்கு நான் சொல்வது சட்டமன்றம்தான்.