தரகர், உரிமையாளர், கட்டுநர்: சென்னையில் வீடு வாங்க மூன்று வழிகள்

சென்னைப் புறநகரில் 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்க முனைபவர் முதலில் கணக்குப் பார்ப்பது தரகுத் தொகையைத்தான். 1 விழுக்காடு என்றால் 80,000 ரூபாய். 2 விழுக்காடு கேட்டால் 1,60,000. அந்தத் தொகைக்குச் சமையலறை அலமாரிகளைப் புதிதாக அமைத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தரகர் செய்யும் வேலைகளில் எவை நம் தலையில் வந்து விழும், அவற்றைச் செய்ய நமக்கு நேரமும் பழக்கமும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் அந்த 80,000 மிச்சமா நட்டமா என்று சொல்லிவிட முடியாது.

பழைய வீடுகளைப் பொறுத்தவரை ஊர்த் தரகர் என்பவர் பெரும்பாலும் பெயர்ப்பலகை வைத்த நிறுவனம் அல்லர். ஜெராக்ஸ் கடைக்காரராகவோ, தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடுபவராகவோ, பணி ஓய்வு பெற்ற ஒருவராகவோ இருப்பார். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியிருந்தாலும், அந்தக் கட்டாயம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கட்டுமானத் திட்டங்களின் விற்பனைக்கே பொருந்தும். 20 ஆண்டுப் பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் தெருமுனைத் தரகரை அது தொடுவதில்லை. எனவே அவர் மீது நமக்குள்ள பிடி, அவர் அதே பேட்டையில் நாளையும் தொழில் செய்தாக வேண்டும் என்பது மட்டுமே. அது சிறிய பிடியும் அன்று.

அவரிடம் இருக்கும் சரக்கு இணையத்தில் கிடைக்காது. பக்கத்துத் தெருவில் போன மாதம் முடிந்த கிரயத்தில் பத்திரத்தில் எழுதிய தொகை எவ்வளவு, உண்மையில் கைமாறிய தொகை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். விற்பவர் மகளின் திருமணத்துக்காக விற்கிறாரா, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்காக விற்கிறாரா என்பதும் தெரியும். இரண்டாவது என்றால் கையெழுத்துப் போட எத்தனை பேர் வர வேண்டும் என்பதும் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் எந்தத் தெருவில் தரைத்தளம் வரை தண்ணீர் ஏறியது என்று கேட்டால், தாம் விற்காத தெருக்களைப் பற்றி மிகத் துல்லியமாகச் சொல்வார். ஆகையால் ஒரு தெருவைப் பற்றி அறிய, வேறு தெருவில் வீடு காட்டும் தரகரைக் கேட்பதே நல்லது.

அவருடைய குறை கணக்கிலேயே இருக்கிறது. பல இடங்களில் அவர் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரிடமும் தரகு பெறுகிறார். நமக்காக விலையில் 3 லட்சம் குறைத்துக் கொடுத்தால் 1 விழுக்காட்டுக் கணக்கில் ஒரு பக்கத்தில் அவருக்குக் குறைவது 3,000 ரூபாய்தான். அதே நேரத்தில் பேரம் முறிந்தால் முழுத் தரகும் போய்விடும். ஆகவே விலை ஏறுவதிலோ இறங்குவதிலோ அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. பேரம் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதே அவருடைய கவலை. ‘இன்னொரு பார்ட்டி இன்றைக்கே டோக்கன் போடத் தயாராக இருக்கிறார்’ என்ற வாக்கியத்தை இந்தக் கணக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்தத் தரகைத் தவிர்க்கவே உரிமையாளரை நேரடியாக அணுகும் வழி பரவியது. 2014-இல் தொடங்கிய, பெங்களூரைச் சேர்ந்த நோபுரோக்கர் இணையதள நிறுவனம் பெயரிலேயே அதைச் சொல்லிவிட்டது. ஆனால் இப்படிப்பட்ட தளங்களில் உரிமையாளர் என்ற பெயரில் பேசுபவர், இரண்டாவது அழைப்பில் ‘எங்கள் பக்கமும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தரகராக வெளிப்படுவதுண்டு. உண்மையான உரிமையாளர் சொல்லும் விலையோ பெரும்பாலும் அவருடைய ஆசை. சந்தை என்ன கொடுக்கும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல நடுவில் ஆள் இல்லை. அந்த வேலையை நாமே செய்யும்போது பேச்சு எளிதில் மனத்தாங்கலாகிவிடுகிறது.

நான் மடிப்பாக்கத்தில் வீடு வாங்கியது இந்த வழியில்தான். விற்றவர் நேர்மையானவர்; வங்கிக் கடனை முழுதாகக் கட்டி மூலப்பத்திரங்களைத் திரும்பப் பெற்று, அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தபோது, கடன் வாங்கிய காலத்தில் பதிவான உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது பத்திரங்களை வங்கியிடம் அடமானமாக வைத்த பதிவு, அப்படியே நின்றது. அதைத் தீர்க்கும் ரசீது ஆவணம் பதிவாகவே இல்லை. கடன் முடிந்ததாக வங்கி கொடுத்த கடிதமே போதும் என்று அவர் நினைத்திருந்தார், நானும் நினைத்தேன். வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீதைப் பதிவு செய்து கொடுக்க ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை எனக்குக் கடன் தரும் வங்கி நகரவில்லை. நான் வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியிருந்த தேதி மட்டும் நகர்ந்துகொண்டே வந்தது. பழகிய தரகர் ஒருவர் முதல் நாளே ‘ரசீது போட்டாயிற்றா’ என்று கேட்டிருப்பார். நான் மிச்சம் பிடித்த தரகில் ஒரு மாத வாடகையும் இரண்டு முறை விடுப்பும் அந்தக் கேள்விக்காகப் போயின. அப்படியும் கணக்கு எனக்குச் சாதகமாகவே முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி, கட்டுநரிடம் புது வீடு வாங்குவது. இங்கே முகவருக்குப் பணம் கொடுப்பவர் கட்டுநர். நமக்குச் செலவில்லை என்பதால் முகவர் நம் ஆள் போலத் தோன்றுவார். எந்தத் திட்டத்தில் அவருக்கு அதிகம் கிடைக்கிறதோ அதை முதலில் காட்டுவார் என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை. முகவரைத் தவிர்த்து விற்பனை அலுவலகத்துக்கு நேரே போனால் அந்தத் தொகை விலையில் குறையுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பல இடங்களில் குறைப்பதில்லை. ஆனால் இந்த வழியில் சட்டத்தின் துணை கூடுதல். திட்டத்தின் பதிவையும் முகவரின் பதிவையும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரியவந்தால் அவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். பழைய வீட்டை விற்றுவிட்டுப் போகும் தனிமனிதரிடம் இந்த உரிமை எதுவும் கிடைக்காது.

எந்த வழியில் போனாலும் ஆவணங்களைப் பார்க்க வேண்டிய வழக்கறிஞர் நாமே தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும். ‘நம்ம வக்கீல் இருக்கிறார், எல்லாம் பார்த்துவிடுவார்’ என்று தரகர் அழைத்து வருபவருக்கும் பேரம் முடிவதில் பங்கு உண்டு. கடன் தரும் வங்கியின் சட்ட ஆய்வு வங்கியின் பணத்தைக் காப்பதற்காகச் செய்யப்படுவது. பிரிபடாத நிலப்பங்கு, அதாவது அடுக்குமாடி நிற்கும் மனையில் நம் வீட்டுக்குரிய பங்கு, நமக்குச் சொன்னபடி இருக்கிறதா என்ற கவலை நம்முடையது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்குத் தரும் தொகையில் 1 விழுக்காடு வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவரும் வாங்குபவரே. நேரடியாக விற்கும் உரிமையாளர் சிலர் இதைக் கேட்டதும் நாம் பணத்தைக் குறைக்கப் பார்க்கிறோம் என்று முகம் சுளிப்பார்கள். முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது. முன்பணத்தை 20,000 ரூபாய் அளவுக்கோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதியையும் அப்போதே சொல்லிவிடலாம்.

என் கணிப்பில், அதே பகுதியில் வாடகைக்கு இருந்துகொண்டு ஆறு மாதம் பொறுக்கக்கூடியவருக்கு நேரடி வழி கட்டுப்படியாகும். கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு சென்னையில் பழைய வீடு வாங்குபவர் தரகைக் கொடுத்துவிடுவதே மேல். ஆனால் முதல் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, எத்தனை விழுக்காடு, விற்பவரிடமும் வாங்குகிறாரா, எப்போது கொடுப்பது ஆகிய மூன்றையும் வாட்ஸாப்பில் எழுத்தாகப் பெற்றுவிட வேண்டும். முன்பணம் கொடுத்த அன்றே பாதித் தரகு கேட்பது வழக்கம். பாதியைக் கையில் வாங்கியவர் ரசீது ஆவணத்துக்காக வங்கிக்கு நடக்க மாட்டார். கிரயப் பத்திரத்தில் விற்பவர் கைரேகை வைத்து, பதிவு எண் விழுந்த பிறகு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் வைத்தே முழுத் தொகையையும் அனுப்புவதாகச் சொல்லலாம். தொழில் தெரிந்த தரகர் அதற்கு ஒப்புக்கொள்வார்.