எண்ணெயா, க்ரீமா, நலங்கு மாவா, ரெட்டினாலா: மாதவிடாய் நின்றபின் தோலுக்கு டெல்லியில் எது உதவுகிறது

டெல்லி மயூர் விஹாரில் 24 குளிர்காலம் பார்த்துவிட்டேன். முதல் 22 குளிரிலும் உதடு வெடிக்கும், குதிகால் கொஞ்சம் சொரசொரக்கும், அவ்வளவுதான். 48 வயதில் பீரியட்ஸ் நின்றது. அதற்கடுத்த ஜனவரியில் ஒரு ராத்திரி கருப்பு தெர்மல் பேண்டைக் கழற்றினேன். உட்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் மாதிரி எழும்பியிருந்தது. உள்பாவாடை நாடா பதியும் இடத்தில் ஓர் அரிப்பு, சொறிந்தால் அடங்காத அரிப்பு.

திருச்சியில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். "வாரம் ரெண்டு நாள் நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிடி, எல்லாம் சரியாயிடும்" என்றாள். மகள், சுருக்கத்துக்குப் போடும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் சீரம் ஒன்றை ஆர்டர் செய்து அனுப்பிவிட்டாள். இரண்டு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டில் எதை முதலில் செய்வது? இரண்டு வருடமாக ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததையும், தோல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

தோலில் என்ன மாறுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். தோலில் எண்ணெய் சுரப்பதற்கும், ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கும், தடிமனுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் துணை நிற்கிறது. மாதவிடாய் நிற்கும்போது அது குறைந்துவிடுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. பிறகு ஆண்டுக்கு 2 சதவீதம் போல இறங்கிக்கொண்டே போகும். மேல்தோலின் கொழுப்புப் பூச்சும் மெலிகிறது. செங்கல் சுவரில் காரை உதிர்ந்த நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கசிகிறது. அதன் மேல் டெல்லி ஜனவரியின் உலர்ந்த காற்று, கீசர் வெந்நீர், அறைக்குள் ராடு ஹீட்டர். அதனால் எந்தப் பொருளையும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது கசிவை அடைக்குமா என்பதுதான். சுருக்கம், பளபளப்பு எல்லாம் அப்புறம்.

சோப்பு, பயத்தம் மாவு, சோப்பு கலக்காத பார்

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கமான சோப்பின் பிஎச் (அமிலமா, காரமா என்று காட்டும் எண்) 9, 10 வரை போகும், அதாவது காரம். நம் தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத் தன்மை உடையது. வயது ஏற ஏற அந்த அமிலத்தன்மையும் குறைகிறது. இருக்கிற கொஞ்சம் எண்ணெயையும் சோப்பு வழித்து எடுத்துவிடும். பயத்தம் மாவும் கடலை மாவும் சோப்பு அளவுக்குக் காரம் இல்லை என்பது உண்மை. ஆனால் மாவைத் தேய்க்கிறோம், அந்தத் தேய்ப்பே மெலிந்த தோலுக்கு அதிகம். திருச்சி புழுக்கத்தில் ஒத்துவந்தது இங்கே ஒத்துவரவில்லை. கடையில் 'சின்டெட்' (சோப்பு கலக்காத பார்) என்று கேட்டால் பிஎச் 5.5 என்று போட்ட பாரோ திரவமோ தருவார்கள். அதுதான் இந்த வயதுக்கு. அதையும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் போட்டால் போதும், கைகால்களுக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். பத்து நிமிடத்துக்கு மேல் குளிக்க வேண்டாம்.

பிறப்புறுப்புக்கு எந்தச் சோப்பும் வேண்டாம். அங்கும் தோல் மெலிந்து, உலர்ந்து, எரிகிறது. பெண்கள் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது மிகவும் வேதனை. அந்த இடத்துக்கென்றே குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு, நன்றாகக் கேட்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எண்ணெயும் க்ரீமும்: இரண்டு கால் சோதனை

போன ஜனவரியில் மூன்று வாரம் இதைச் செய்து பார்த்தேன். இடது காலுக்குத் தேங்காய் எண்ணெய், வலது காலுக்குக் கிளிசரினும் செராமைடும் (தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு) உள்ள, வாசனை சேர்க்காத க்ரீம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாட்டிலுக்குள் கல்தான். தினமும் காலையில் வெந்நீர் மக்கில் பாட்டிலை நிற்க வைத்து உருக்கினேன்.

முதல் வாரம் துவட்டி, உடை மாற்றி, சாவகாசமாகத் தடவினேன். எண்ணெய்க் கால் ஒரு மணி நேரம் மினுமினுத்தது. மத்தியானம் பார்த்தால் மேலே பிசுபிசுப்பு, அடியில் அதே இறுக்கம். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, அது மூடி மட்டும் போடும். காலிப் பாத்திரத்தை மூடி என்ன பயன்? இரண்டாம் வாரம் முறையை மாற்றினேன். குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் குளியலறையிலேயே தடவினேன். எண்ணெய்க் கால் அப்படியே மாறிவிட்டது. சாயங்காலம் வரை செதில் எழவில்லை. க்ரீம் கால் அதைவிடக் கொஞ்சம் மேல், ராத்திரி விரலால் கோடு போட்டால் வெள்ளைக் கோடு விழவில்லை. கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கிறது, செராமைடு உதிர்ந்த காரையை நிரப்புகிறது, அதுதான் காரணம்.

ஆகவே கைகால்களுக்கு முதலிடம் க்ரீம். ஈரத்தோலில் தடவும் தேங்காய் எண்ணெய் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உலர்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்குச் சமமாக உதவியதாக 2004-இல் வந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. க்ரீம் வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முகத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். இந்த வயதில் ஆண் ஹார்மோனின் பங்கு கூடித் தெரிவதால் சிலருக்குத் தாடையில் பருவும் முரட்டு முடியும் வரும். தேங்காய் எண்ணெய் துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும்.

அக்காவின் எண்ணெய்க் குளியலுக்கு வருகிறேன். அதன் சுகமே தனி, நானும் விடவில்லை. ஆனால் தேய்த்த எண்ணெயைச் சீயக்காய் போட்டு எடுத்துவிடுகிறோமே! வறட்சிக்குக் குளித்த பின் தோலில் என்ன தங்குகிறது என்பதுதான் கணக்கு. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சத்தியம் செய்யும் கடுகெண்ணெய் எனக்கு எரிந்தது. அதன் காரமே தோலை உறுத்தக்கூடியது, மெலிந்த தோலுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆலிவ் எண்ணெயும் தோலின் அரணைத் தளர்த்துகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் கசிவை அடைப்பதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச எதுவும் இல்லை. 1872-இல் காப்புரிமை பெற்ற பழைய சரக்கு, விலையும் மலிவு. பிசுபிசுப்பதால் நான் அதைப் பித்தவெடிப்புக்கும் விரல் கணுக்களுக்கும் ராத்திரியில் வைத்துக்கொள்கிறேன், மேலே பருத்திச் சாக்ஸ். குதிகால் தடித்துப் போயிருந்தால் முதலில் யூரியா க்ரீம் வேண்டும், காலுக்கு 10 சதவீதம், குதிகாலுக்கு 20-க்கு மேல். ரத்தம் கசியும் வெடிப்பில் போட்டால் எரியும். இங்கே வீட்டுக்கு வீடு கலக்கும் கிளிசரின், பன்னீர், எலுமிச்சைக் கலவையில் எலுமிச்சையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மே மாதம் கதை வேறு. 45 டிகிரி வெயிலில், திடீரென உடம்பு கொதிக்கும் ஹாட் ஃபிளாஷும் சேர்ந்து முதுகில் வியர்வை ஆறாக ஓடும்போது, கெட்டியான க்ரீம் வேர்க்குருவைத்தான் தரும். அப்போது லேசான லோஷனோ ஜெல்லோ போதும்.

கார்போகரிசியும் ரெட்டினாலும்

எங்கள் அம்மா அரைக்கும் நலங்கு மாவில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பச்சைப்பயறு இவற்றோடு ஒரு கைப்பிடி கார்போகரிசியும் போகும். கருகருவென்று, சற்றுக் கசந்த வாசனையோடு இருக்கும் அந்த விதைதான், இன்று 'பாகுச்சியால்' என்ற பெயரில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும் பொருளுக்கு மூலம். டெல்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் 'பாவ்சி' என்று கேட்டால் அள்ளிப் போடுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

ஆனால் விதையும் குப்பியும் ஒன்றல்ல. விதையில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் பட்டால் சிவந்து, கொப்பளித்து, கறுத்துப்போகும். வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பயன்படுத்தியதே இந்தக் குணத்துக்காகத்தான். நலங்கு மாவில் அது கொஞ்சம், உடனே கழுவியும் விடுகிறோம். பாவ்சி எண்ணெயை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போவது ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். குப்பியில் வருவது சோரலெனை நீக்கிப் பிரித்தெடுத்தது.

அந்தக் குப்பிக்கும் ரெட்டினாலுக்கும் நேரடிப் போட்டி வைத்தார்கள். 2019-இல் வெளிவந்த ஆய்வு அது, 44 பேர், 12 வாரம், இரண்டும் 0.5 சதவீதம். சுருக்கத்திலும் கறையிலும் இரண்டும் ஏறக்குறைய சமம், ரெட்டினால் போட்டவர்களுக்கு உரிதலும் எரிச்சலும் அதிகம். நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் 44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ரெட்டினால் குடும்பத்தின் மூத்த மருந்தான ட்ரெட்டினாய்ன், வெயிலில் பழுதான தோலைச் சீராக்குகிறது என்பது 1986-இலிருந்தே ஆய்வுகளில் வந்துகொண்டிருக்கிறது. கொலாஜன் கூடுவதற்கு அதற்கு இருக்கும் சாட்சி வேறு எதற்கும் இல்லை. அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும்.

மகள் அனுப்பிய சீரத்தை நான் டிசம்பரில் தொடங்கியது தவறு. நான்காம் நாளே மூக்கோரம் உரிந்து, ரசம் தாளித்த ஆவி பட்டால்கூட எரிந்தது. நிறுத்தி, மாதக்கணக்கில் க்ரீமால் தோலைத் தேற்றி, ஆகஸ்டு மழை ஈரத்தில் மறுபடி தொடங்கினேன். வாரம் இரண்டு ராத்திரி, ஒரு பட்டாணி அளவு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் சீரம். இந்த முறை தோல் ஏற்றுக்கொண்டது. டெல்லியில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் தொடங்குங்கள். தோல் தாங்குமென்றால் ரெட்டினால், எத்தனை மெதுவாகப் போனாலும் தாங்கவில்லை என்றால் பாகுச்சியால். எதுவானாலும் மூன்று மாதத்துக்கு முன் பலனைத் தேடாதீர்கள். பீரியட்ஸ் இன்னும் முழுதாக நிற்காமல் தள்ளித் தள்ளிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து 12 மாதம் வராமல் கழியும்வரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு, கர்ப்பத்தில் ரெட்டினால் கூடாது.

மங்கு: சன்ஸ்கிரீனும் வெளுப்பு க்ரீமும்

இதில் நான் அடிபட்டேன். கன்னத்தில் மங்கு படர்ந்ததும் பக்கத்து மருந்துக்கடையில் காட்டினேன், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச். இரண்டு மாதத்தில் கன்னத்தில் சிவப்பு நரம்புகள், விட்டால் எரிச்சல், போட்டால்தான் அடக்கம். லேபிளில் பொடி எழுத்தில் மோமெட்டசோன், அதாவது ஸ்டீராய்டு. ஏற்கெனவே மெலிகிற தோலை அது இன்னும் மெலிய வைக்கும். 2018-இல் ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தும், கேட்டால் கிடைக்கிறது. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்களைப் பார்த்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். பல நாள் போட்டிருந்தால் தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

சன்ஸ்கிரீன் பத்து நாளில் எதையும் காட்டாது. ஆனால் மங்கு கூடாமல் காப்பது அதுதான். பாதுகாப்பு அளவைக் காட்டும் எண்ணான எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதம் புறஊதா பி கதிரைத் தடுக்கிறது, 50 போட்டால் 98. அதனால் எண்ணைத் துரத்துவதைவிட அளவைக் கவனியுங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும், அதற்கு இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறம் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. குளிர்காலப் பகலில் பார்க் பெஞ்சில் பச்சைப் பட்டாணி உரித்தபடி வெயில் காய்கிறோமே, வெயில் முதுகிலும் கால்களிலும் விழட்டும், முகத்துக்குத் துப்பட்டா நிழல் போதும்.

மற்றவை சுருக்கமாக. கொலாஜன் பொடி மீனிலிருந்தோ மாட்டுத்தோலிலிருந்தோ வருகிறது, சைவம் என்று விற்பதில் கொலாஜனே இருக்காது. அந்தப் பணத்துக்குப் பருப்பும் தயிரும் வாங்கலாம். வைட்டமின் சி சீரம் நல்லதுதான், கடைசியில் வாங்கலாம். ஹார்மோன் மாத்திரை தோலைத் தடிமனாக்கும், ஆனால் தோலுக்காக மட்டும் யாரும் அதை எழுதித்தருவதில்லை. ஹாட் ஃபிளாஷ் தாங்காமல், மருத்துவர் பரிசோதித்துக் கொடுத்தால் தோலுக்கும் சேர்த்து நல்லது.

எல்லாம் செய்தும் உடம்பு முழுக்க, தடிப்பே இல்லாமல் அரித்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகம், கல்லீரல். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. அக்காவையும் வற்புறுத்திச் செய்ய வைத்தேன், "எனக்கென்னடி, வயசான வறட்சிதானே" என்று முனகிக்கொண்டே போனாள். அவளுக்கு டிஎஸ்எச் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, அதாவது தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போடுகிறாள். மூன்றாவது மாதம் போனில், "கால்ல சொரசொரப்பு போயிடுச்சுடி" என்றாள். நல்லெண்ணெய்க் குளியலையும் அவள் விடவில்லை, குளித்து வந்ததும் ஈரத்தோடு க்ரீம் தடவிக்கொள்கிறாள்.