மருந்து கலந்த குஞ்சுத் தீவனம்: நாலு வருஷம், பதினோரு பேட்ச்

அந்தியூர் பக்கம் தோட்டத்திலேயே ஷெட் போட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பேட்சுக்கு 200 குஞ்சு. ஒரு நாள் குஞ்சாக வாங்கி நாலரை மாதத்தில் உயிர் எடைக்குக் கொடுத்துவிடுவேன். இப்போது ஓடுவது பதினோராவது பேட்ச். முதல் பேட்சைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்த ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுத் தீவனம்தான் போட்டேன். முதல் பேட்சுக்குப் போடாததற்குக் காரணம் அம்மா.

"பஞ்சாரத்துல கவுத்து வளர்த்தப்ப என்ன மருந்தா குடுத்தோம்? கம்பும் குருணையும் தின்னுட்டு வளரலையா?"

கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மருந்தில்லாத மாவுத் தீவனம் வாங்கிப் போட்டேன். 26-வது நாள், ஐப்பசி மழை மூணு நாளாக விடவில்லை. காலையில் படுதாவைத் தூக்கினால் ஏழெட்டுக் குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டு, முடி சிலிர்த்து, கண்ணை மூடிக்கொண்டு பல்புக்கடியில் ஒண்டி நிற்கிறது. உமியில் அங்கங்கே தக்காளிச் சாறு சிந்தின மாதிரி எச்சம். செத்த இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் கத்தரியால் வயிற்றைத் திறந்து காட்டினார். குடலின் கடைசிப் பக்கம் இருக்கிற இரண்டு குருட்டுக்குடலும் கருஞ்சிவப்பாக உப்பியிருந்தன. கீறினால் உள்ளே முழுக்க இரத்தம்.

"இது வெள்ளைக் கழிச்சல் இல்லீங்க, இரத்தக் கழிச்சல்" என்றார். ஆம்ப்ரோலியம் தூள் எழுதித் தந்தார். ஐந்து நாள் தண்ணீரில் கலந்து வைத்தேன். அடங்குவதற்குள் 43 குஞ்சு போய்விட்டது.

அம்மா சொன்னதும் பொய்யில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் ஐமீரியா என்கிற ஒட்டுண்ணியின் முட்டை எச்சத்தோடு வெளியே வரும். வந்தவுடனே அதற்குத் தொற்றும் சக்தி கிடையாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பழுத்துவிடும். அதைக் கொத்தித் தின்கிற குஞ்சுக்குள் போய்ப் பல்லாயிரமாகப் பெருகும். அடைக்கோழி பத்துக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு தோட்டமெல்லாம் மேயும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும், எதிர்ப்பும் தானாக வந்துவிடும். 200 குஞ்சை நாலு வாரம் ஒரே உமியில் நிறுத்தினால் அந்தக் கணக்கு செல்லாது.

ஆம்ப்ரோலியம் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பார்க்க வைட்டமின் பி1 மாதிரியே இருக்கும். ஒட்டுண்ணி பி1 என்று நினைத்து இதை இழுத்துக்கொண்டு, உண்மையான பி1 கிடைக்காமல் பட்டினி கிடக்கும். தீவனத்தில் டன்னுக்கு 125 கிராம், அதாவது 50 கிலோ மூட்டையில் ஆறே கால் கிராம் மருந்து. இந்த அளவு ஒட்டுண்ணியைத் துப்புரவாக ஒழிக்காது. லேசாகத் தொற்றட்டும் என்று விட்டு, குஞ்சுக்கு எதிர்ப்பு வரும்வரை அடக்கி வைக்கும். எனக்குத் தேவை அதுதான்.

இரண்டாவது பேட்ச் அழகாக வந்தது. அந்தத் தைரியத்தில் மூன்றாவதில் கெட்டேன். தீவன விலை ஏறியிருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து பாதிக்குப் பாதி உடைத்த கம்பைக் கலந்தேன். புரதம் குறையும், வளர்ச்சி கொஞ்சம் தள்ளிப்போகும், போகட்டும் என்று கணக்குப் போட்டவனுக்கு மருந்தும் பாதியாகும் என்பது உறைக்கவில்லை. நோய் அடிக்கிற வயதே மூன்றிலிருந்து ஆறு வாரம். சரியாக அந்த நேரத்தில் மருந்தைப் பாதியாக்கியிருக்கிறேன்! 31-வது நாள் மறுபடி சிவப்பு எச்சம். போதாக்குறைக்கு, சோர்ந்த குஞ்சு தெம்பாகட்டும் என்று தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் டானிக் வேறு ஊற்றினேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கையால் பி1-ஐ மறிக்கிற மருந்து, இன்னொரு கையால் அதே பி1. டானிக்கை நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் வைத்த பிறகுதான் நின்றது. 17 குஞ்சு நஷ்டம். இப்போதெல்லாம் கம்பு, சோளம் எதுவும் எட்டு வாரம் முடியாமல் தொட்டிக்குள் போகாது. டானிக்கும் மருந்துக் கோர்ஸ் முடிந்த பிறகுதான்.

கடையில் "மருந்து கலந்தது" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டில் என்ன மருந்து என்று பாருங்கள். பிராய்லர் ஸ்டார்ட்டரில் பெரும்பாலும் சாலினோமைசின் அல்லது மதுராமைசின் இருக்கும். அந்த வகை மருந்துகள் கோழிக்கு அளவோடு ஒத்துக்கொள்ளும். ஆனால் சாலினோமைசின் வான்கோழிக்கு ஆகாது. குதிரைக்கோ இந்த வகையே விஷம். எங்கள் ஊரில் இது வெறும் பேச்சில்லை. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கிக் கட்டியிருக்கிறவர்கள் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மிச்சத் தீவனத்தைக் குதிரைக்குக் கேட்டபோது, "வேண்டாங்கண்ணா" என்று மூட்டையை இறுகக் கட்டி உள்ளே வைத்தேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார். என் குறை என்னவென்றால், அந்தச் சீட்டுக் காகிதம் நூலைப் பிரிக்கும்போதே கிழிந்துவிடும். இப்போது பிரிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று, இந்தத் தீவனம் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்காது. இரண்டிலும் "கழிச்சல்" இருப்பதால் மருந்துத் தீவனம் போட்டாச்சே என்று வெள்ளைக் கழிச்சலுக்கான ஏழாம் நாள் சொட்டு மருந்தைப் போடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். இரத்தக் கழிச்சலுக்கே தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சு என்று பொரிப்பகத்தில் சொன்னால் கதை வேறு. அதற்கு ஆம்ப்ரோலியம் தீவனம் போட்டால் தடுப்பு மருந்தில் இருக்கும் ஒட்டுண்ணியையும் சேர்த்து அடக்கி, கொடுத்த காசு வீணாகும்.

உண்மையில் நாலு வருஷத்தில் தீவனத்தைவிட என்னை அதிகம் வேலை வாங்கியது உமிதான். தண்ணீர்க் குடுவை அடியில் ஒரு சாண் வட்டத்துக்கு எப்போதும் நசநசவென்று இருக்கும். அங்கேதான் எல்லாம் ஆரம்பிக்கும். குடுவையைச் செங்கல் மேல் ஏற்றி, குஞ்சின் முதுகு உயரத்துக்கு வைத்தேன். தினம் சாயங்காலம் நனைந்த உமியை மட்டும் அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் புது உமி. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உதிர வேண்டும், கட்டியாக நின்றால் அன்றைக்கே மாற்றம். பேட்ச் முடிந்ததும் தரையை ஃபிளேம் கன்னால் பொசுக்குகிறேன், ஏனென்றால் சாதாரணக் கிருமிநாசினிக்கு இந்த ஒட்டுண்ணி முட்டை அசைந்து கொடுக்காது.

வாங்க வருகிறவர்கள் "மருந்து போட்ட கோழியா தம்பி?" என்று கேட்பார்கள். மறைப்பதில்லை. எட்டு வாரம்வரை ஆம்ப்ரோலியம், இது மனிதர்களுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் இல்லை, அதற்குப் பிறகு மருந்தில்லாத குரோயர் தீவனமும் (வளரும் கோழிக்கானது) மேய்ச்சலும் என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் தலையாட்டுவார்கள், மீதிப் பேர் விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

இந்த பேட்சுக்கு இன்று 19-வது நாள். ஆறு குஞ்சு போயிருக்கிறது, அதில் நாலு முதல் வாரத்திலேயே. நேற்று அம்மா ஷெட்டுக்குள் வந்து உமியைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில ஓடு ஒழுகுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏணியை எடுக்க வேண்டும்.