பழைய துரை பங்களாவில் இரண்டு இரவுகள்: காட்சிக்கு வைத்த பொருட்களைப் பற்றி

இலங்கையில் பண்டாரவளைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே, தோட்டத்தை நடத்திய துரை குடியிருந்த ஒரு பழைய பங்களா இப்போது விருந்தினர் விடுதியாக நடத்தப்படுகிறது. நானும் அம்மாவும் சென்ற மாதம் அங்கே இரண்டு இரவுகள் தங்கினோம். அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் தடையின்றி வந்தது, இரவுச் சாப்பாடும் நன்றாகவே இருந்தது. நான் எழுத விரும்புவது அந்த வீட்டின் சுவர்களிலும் கண்ணாடி அலுமாரிகளிலும் வைக்கப்பட்டிருக்கும் பழம்பொருட்களையும் ஓவியங்களையும் பற்றி. நாங்கள் அங்கே போனதே அவற்றைப் பார்க்கத்தான்.

வரவேற்பறையை ஒழுங்கு செய்தவர் பொருளின் தன்மை அறிந்தவர் என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிகிறது. தும்பறைப் பகுதியின் கைநெசவுப் பாய்கள் இரண்டு, சன்னல் இல்லாத உள்சுவரில் தொங்குகின்றன. நாரால் நெய்து, பதங்கி மரச் சாயத்தில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் ஏற்றிய அந்தப் பாய்களை வெயில் படும் இடத்தில் மாட்டினால் சில ஆண்டுகளில் நிறம் வெளிறிவிடும்; வேறு இடங்களில் அப்படி வெளிறிப் போனவற்றை நான் பார்த்திருக்கிறேன். மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலைப்பாடு உள்ள கைப்பிடிகளும் தடிகளும் ஒரு பெட்டகத்தின் மேல் வரிசையாக இருக்கின்றன. சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, நகத்தாலேயே மரத்தின் மேல் கோலமிடும் அந்த வேலையைக் கிட்ட நின்று பார்க்க இங்கே இடமிருக்கிறது. கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவதில்லை. பித்தளை வெற்றிலைத் தட்டையும் சுண்ணாம்புக் கரண்டகத்தையும் பளபளவென்று தேய்க்காமல் விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. புளியும் சாம்பலும் போட்டு வாராவாரம் தேய்த்தால் செதுக்கிய பூவேலை மழுங்கிவிடும்.

ஓவியங்களுக்காக ஒரு நீண்ட நடைவழியை ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாமே பண்டாரவளை உள்ள ஊவாப் பகுதியில் வாழும் ஓவியர்கள் வரைந்தவை. ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவரின் பெயரும் விலையும் உள்ளன. பழைய சுவரில் ஆணி அடிக்காமல், மேலே ஓடும் மரச்சட்டத்தில் கொக்கியிட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருப்பதால் சுவரும் பிழைக்கிறது, படத்தை மாற்றுவதும் எளிதாகிறது. கணப்படுப்புக்கு நேர் மேலே மாட்டிய ஒரு நீர்வண்ண ஓவியம் மட்டும் புகையிலும் சூட்டிலும் கெட்டுக்கொண்டிருக்கிறது. அதை உடனே இடம் மாற்ற வேண்டும்.

விற்பனைக்கு இருப்பவை ஓவியங்கள் மட்டுமே. பழம்பொருள் எதையும் விற்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி தொல்பொருட்களை அனுமதியின்றி நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது என்பதை, விலை கேட்கும் வெளிநாட்டு விருந்தினருக்கு ஊழியர்களே பொறுமையாக விளக்குவதைக் கேட்டேன்.

என் மனக்குறை சாப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள கண்ணாடி அலுமாரியில் தொடங்குகிறது. வரவேற்பறையில் ஒரு சாய்மனைக் கதிரைக்குக்கூட மரம் எது, கை ஏன் அவ்வளவு நீளம், யார் அதில் சாய்ந்திருந்தார் என்று ஒரு பந்தி எழுதி வைத்தவர்கள், இந்த அலுமாரிக்கு ஆங்கிலத்தில் "தோட்டப் பொருட்கள்" என்று ஒரே வரி எழுதி முடித்துவிட்டார்கள். உள்ளே தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும், அதாவது வெட்டிவிடும், கத்தி ஒன்று, கொழுந்து எடுக்கும்போது மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு ஒன்று, தப்பு எனும் பறை ஒன்று, துளையிட்ட சிறிய தகர வில்லை ஒன்று. அந்த வில்லையைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள், எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்பதைக் காட்டும் எண்ணோடு கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த தகர அடையாளம் அது. இந்த மலையை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவேளை இந்த வீட்டில் விருந்தினராகவும் வருவார்கள் என்று எண்ணியிருந்தால், தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரிகளாவது எழுதியிருப்பார்கள். கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் ஒரு பழைய லயத்தையே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) தொழிலாளர் நூதனசாலையாக்கி, இதே வகைப் பொருட்களை அவற்றைப் பயன்படுத்தியவர்களின் வாழ்க்கையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே போய்வந்தவர்களுக்கு இந்த அலுமாரியின் வெறுமை இன்னும் நன்றாகத் தெரியும்.

அலுமாரிக்கு மேலே சுவரில் ஒரு கொழுந்துக் கூடை தொங்கியது. முப்பது வருடம் கொழுந்து எடுத்த அம்மா அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கயித்த ஏன் இப்படிக் கட்டியிருக்காங்க? தலையில மாட்டினா கூடை ஒரு பக்கம் சாஞ்சிடுமே" என்றார். பக்கத்தில் நின்ற ஊழியத் தம்பி கூடையை இறக்கி, "நீங்களே கட்டிக் காட்டுங்கம்மா" என்று கொடுத்தார். அம்மா பழைய முடிச்சை அவிழ்த்து, நெற்றியில் பதியும் இடத்தில் கயிற்றுக்கு அடியில் துணி மடித்து வைத்து, இரண்டு பக்கமும் அளவு பார்த்துக் கட்டினார். மட்டக்கம்பைச் செடியின் மேல் கிடத்தி, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளும் விதத்தையும், படங்கு எனும் தடித்த துணியை இடுப்பில் சுற்றும் விதத்தையும் அவர் சொல்லச் சொல்ல, தம்பி தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். தன் பாட்டியும் தோட்டத்தில்தான் வேலை செய்தவர் என்றும், இவற்றை யாரிடமும் கேட்டதில்லை என்றும் அவர் சொன்னார்.

மறுநாள் காலை முகாமையாளர் எங்களிடம் வந்து, அலுமாரிக்குரிய விளக்கத்தை மூன்று மொழிகளிலும் எழுதி வைக்க விரும்புவதாகவும், தமிழ்ப் பகுதியை நான் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். எழுதி அனுப்பியிருக்கிறேன்; மாட்டியிருக்கிறார்களா என்பதை அடுத்துப் போகிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓவியங்களைப் பார்க்கக் காலை நேரமே நல்லது. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் நடைவழி இருண்டுவிடுகிறது. கூடை இப்போது நேராகத் தொங்குகிறது.