நூலக மாடியில் ஒரு வியாழக்கிழமை மேசை

வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பஸ் தரிப்பிடம் தள்ளி ஒரு நூலகம் இருக்கிறது. அதன் மேல்மாடியில் வியாழக்கிழமை தோறும் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை இலவச ஆலோசனை கொடுக்கிறார்கள். கொடுப்பனவு, குடிவரவு, வீட்டு வாடகை என்று எந்தக் கடிதத்தோடும் போகலாம். மூன்று மேசைகள், எட்டு நாற்காலிகள், ஒரு பிரதி இயந்திரம், அவ்வளவுதான் அந்த இடம். நான் ஆறு தடவை போயிருக்கிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

முதலில் எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் பாரிஸிலிருந்து 2019 ஜனவரியில் லண்டனுக்கு வந்தோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்ற எண்ணம், கணவரின் அண்ணன் இங்கே இருக்கிற தைரியம். கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிவதா இல்லையா என்று 2016 ஜூன் 23-இல் இந்த நாடு வாக்களித்தபோது நாங்கள் பாரிஸில் இருந்தோம். லண்டனில் இருந்திருந்தாலும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கு அந்த வாக்கு இல்லை. மைத்துனரிடம் அப்போது இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் இருந்தது. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால் அவருக்கு வாக்கு இருந்தது. பிரிய வேண்டும் என்றே வாக்களித்தார். வாரத்துக்கு 350 மில்லியன் பவுண் ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்பு பஸ்ஸில் எழுதி ஓட்டினார்களே, அதை அவர் நம்பினார். நாங்கள் வந்து சேர்ந்தபின் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "உங்களுக்கு எதிராகவா வாக்குப் போட்டேன்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. எழுதி ஓட்டியவர்களிடம்தான் கோபம்.

வந்த ஆண்டே, ஒன்றிய நாட்டவர் இங்கே தொடர்ந்து இருப்பதற்கான குடியிருப்புத் திட்டத்தில் விண்ணப்பித்தோம். ஐந்து ஆண்டு நிறைவாகாதவர்களுக்கு 'பிரீ செட்டில்டு', நிறைவானவர்களுக்கு 'செட்டில்டு' என்று இரண்டு தட்டு. எங்களுக்கு முதலாவது கிடைத்தது. கையில் ஒரு அட்டைகூடத் தரமாட்டார்கள், எல்லாம் இணையத்தில்தான். அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2023 கோடையில் கணவருக்கு முதுகு விட்டுப்போனது. களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலை. ஏஜென்சி மூலம் எடுத்த வேலை என்பதால் ஜூலையோடு முடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் மாதக் கொடுப்பனவுக்கு, விண்ணப்பித்தோம். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். செப்டெம்பர் 19-ஆம் தேதியிட்டு முடிவு வந்தது: இந்த நாட்டில் வசிக்கும் உரிமையை நீங்கள் நிறுவவில்லை, ஆகவே கொடுப்பனவு இல்லை. ஐந்து ஆண்டுக்குக் கிட்ட வரி கட்டிய மனிதர் அந்த வாசகத்தைத் திரையில் நான்கு தடவை வாசித்தார். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அந்த நிலையில் ஒரு கடையில் போய் விசாரித்தேன். கடிதம் எழுதித் தர 120 பவுண் கேட்டார்கள். இந்த நாட்டில் குடிவரவு ஆலோசனை சொல்வதற்குப் பதிவு வேண்டும், பதிவில்லாமல் சொல்வது குற்றம் என்பது எனக்கு அப்போது தெரியாது. நூலக மேசையில் ஆலோசகரின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத் தேடுங்கள்.

அக்டோபர் 5, வியாழன். எங்களுக்குக் கிடைத்தவர் அறுபது வயது கடந்த ஆங்கிலேய அம்மா. முன்பு இதே கொடுப்பனவு வேலையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவராம். பக்கத்தில் சட்டம் படிக்கிற தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, தேவைப்பட்டால் மொழிபெயர்க்க. அந்த அம்மா நான் அச்செடுத்துப் போன கடிதத்தை முழுவதும் வாசித்தார். எங்கள் முன்னால் இருந்து, கையில் பென்சிலோடு, ஒரு பந்தியையும் தாவாமல் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் கோடு போட்டுவிட்டு அந்தப் பிள்ளையிடம் ஏதோ கேட்டார். அவள் என்னிடம் திரும்பி, "அக்கா, அண்ணாவின் சம்பளச் சீட்டுகள் வைத்திருக்கிறீர்களா?" என்றாள்.

வைத்திருந்தேன். பிஸ்கட் டின் ஒன்றில் நான்கு ஆண்டுச் சீட்டுகள். அந்த அம்மா அவற்றை மாதவாரியாக மேசையில் அடுக்கினார், சீட்டாட்டத்தில் அடுக்குவது போல வரிசை வரிசையாக. 2020 மே மாதம் மட்டும் இல்லை. அது முடக்கக் காலம், அரசின் சம்பள உதவி வந்த மாதம் என்று அவரே சொல்லி, வங்கிக் கணக்கில் அந்த வரவைக் கண்டுபிடித்து அச்செடுத்து இடைவெளியில் வைத்தார். பிறகு விளக்கினார். 'பிரீ செட்டில்டு' மட்டும் இருந்தால் கொடுப்பனவுக்குப் போதாது, 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தொழிலாளி என்ற தகுதி ஒருவருக்கு இருந்தால், நோயால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனாலும் அந்தத் தகுதி நீடிக்கும். மருத்துவச் சான்று இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது. அலுவலகம் அதைப் பார்க்கவே இல்லை. மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் அவகாசம், அதில் இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

அன்றே எழுதினார், ஒரே ஒரு பக்கம். அனுப்புவதற்கு முன் என் கணவரிடம் ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்துக் காட்டி, "இதில் உண்மையில்லாதது ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் இதை எழுதுகிறேன். அதுவரை எங்களை யாரும் எங்கள் வாழ்க்கை பற்றிக் கேட்கவில்லை.

டிசம்பரில் முடிவு மாறியது. விண்ணப்பித்த நாளிலிருந்து நிலுவை வந்தது. கணவன் மனைவிக்கு மாதம் 578.82 பவுண், மேலே பிள்ளைகளுக்கு உரியது. மூன்றாவது பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாம் பிள்ளைக்குப் பணம் கிடையாது என்ற விதி அப்போது இருந்தது. சின்னவள் 2019-இல் பிறந்தவள். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது மாதம் 269.58 பவுண். அந்த விதியை 2026 ஏப்ரலோடு நீக்குவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் ஒன்பது ஆண்டு அந்த விதி பிள்ளைகளின் தட்டில் கை வைத்திருந்தது.

2024 ஜனவரியில் ஐந்து ஆண்டு நிறைவாகியது. அதே மேசையில் 'செட்டில்டு' தகுதிக்கு விண்ணப்பித்தோம், ஏப்ரலில் வந்தது. அதில் சொல்ல அதிகமில்லை. பத்து நிமிட வேலை.

அந்த ஆண்டு நவம்பரில் பக்கத்து வீட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிர்கால எரிபொருள் உதவியை ஓய்வூதியர் எல்லாருக்கும் கொடுத்துவந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் புதிய அரசு அதைப் பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானக் கொடுப்பனவு பெறுகிறவர்களுக்கு மட்டும் என்று வெட்டியது. பென்ஷன் கிரெடிட் என்பது வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு மேலதிகமாகக் கொடுப்பது. மாமிக்கு அந்த உரிமை இருந்தது, அவர் கேட்டதே இல்லை. விண்ணப்பத்தில் 200-க்கும் மேற்பட்ட கேள்விகள். டிசம்பர் 21-க்குள் கொடுத்தால்தான் அந்தக் குளிருக்குப் பணம். ஒன்றரை மணி நேரம் இருந்து நிரப்பினார்கள். மாமிக்கு வந்தது.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் எழுபத்திரண்டு வயது ஆங்கிலேயர் ஒருவர் நின்றார். அவருக்கு அப்போது முழு ஓய்வூதியம், வாரம் 221.20 பவுண். தனியாளுக்குப் பென்ஷன் கிரெடிட் எல்லை 218.15. மூன்று பவுண் ஐந்து பென்ஸ் கூட இருப்பதால் 200 பவுண் குளிர்கால உதவி இல்லை. ஆலோசகர் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அந்த முதியவர் கோபப்படவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பிரிந்தால் இந்தப் பணமெல்லாம் நமக்கே திரும்பி வரும் என்று தான் நம்பியதாக என்னிடம் சொன்னார். என் மைத்துனரின் முகம் எனக்கு நினைவு வந்தது.

2025 ஜூனில் அந்த வெட்டைப் பெரும்பாலும் திருப்பிப்போட்டார்கள், ஆண்டுக்கு 35,000 பவுணுக்குள் வருமானம் உள்ளவர்களுக்குத் திரும்பவும் உண்டு என்று. அடுத்த மாதமே மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவை இறுக்கும் திட்டத்தைச் சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் பின்வாங்கினார்கள். வெட்டுவதும் பிறகு திருப்புவதுமாக இருக்கிறார்கள். இடையில் போன குளிர்காலத்தை யார் திருப்பித் தருவது? ஒன்றியத்தை விட்டு வெளியேற்றியது ஒரு கட்சி, இந்த வெட்டுகளைக் கொண்டுவந்தது இன்னொரு கட்சி. நூலகப் படியில் நிற்கிற வரிசையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

குறைத்த அரை மதிப்பெண் அந்தப் படிக்காகத்தான். லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. முதுகு விட்டுப்போன மனிதர் இருபத்திரண்டு படி ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட முடியாதா என்று கேட்டேன், இடம் கேட்டிருக்கிறோம் என்றார்கள். முன்பு செவ்வாய்க்கிழமையும் நடந்ததாம், மானியம் நின்றபின் வியாழன் மட்டும். ஒரு நாளில் பன்னிரண்டு பேருக்குத்தான் பார்க்க முடியும். பதின்மூன்றாவது ஆளாகத் திரும்பிய தாய் ஒருத்தியைப் பார்த்தேன், தள்ளுவண்டியில் குழந்தையோடு.

போகிறவர்கள் எட்டரைக்கே போய்விடுங்கள், மழை என்றால் பின்வாசல் கூரையின் கீழ் நிற்கலாம். கடிதம் திரையில் வந்திருந்தால் தேதி தெரிகிற மாதிரி அச்செடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றையும் எறிய வேண்டாம். பிரதி இயந்திரம் அட்டை எடுக்காது, இருபது பென்ஸ் நாணயங்களாகக் கொண்டுபோங்கள்.