டிபிஎஃப் விளக்கு மறுபடி மறுபடி எரிகிறது: வாரண்டி முடியும்முன் டீசல் காரை மாற்றிவிடலாமா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 எனும் வாகனப் புகை விதி வந்தபோது டீசல் கார்களின் சைலன்சர் பாதைக்குள் டிபிஎஃப் எனும் கரி வடிகட்டியும் வந்து சேர்ந்தது. நெடுஞ்சாலையில் ஓடும்வரை இந்தக் கார்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் உள்ள எஸ்யூவி, நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனாலும் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும். குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைப்பதால் அடிக்கடி கியர் மாற்றும் வேலையும் இல்லை. அதே கார் வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவே காலையும் மாலையும் ஊர்ந்துகொண்டிருந்தால் டிபிஎஃப் விளக்கு எரியத் தொடங்குகிறது. சர்வீஸ் சென்டரில் வாரண்டியில் சரிசெய்து தருகிறார்கள். சில வாரங்களில் திரும்ப எரிகிறது. இப்படி மூன்று நான்கு முறை நடந்தபின், இதோடு போராடுவதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா என்ற கேள்வி எழும்.

எத்தனை முறை சர்வீஸுக்குப் போனது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அடைப்புக்குக் காரணம் ஓட்டும் விதமா, வண்டியிலுள்ள பழுதா என்பது முதலில் தெரிய வேண்டும். ஓட்டும் விதம்தான் காரணம் என்றால் எந்தப் பாகத்தை மாற்றினாலும் தீராது, விற்றுவிடுவதே நல்லது. பழுது என்றால், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபின் அதே கார் பல வருடம் உழைக்கும். இதைப் பிரித்தறியும் வேலையை வாரண்டி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். கடைசி மாதத்தில் தொடங்கினால் ஒரு சோதனைக்குக்கூட நேரம் போதாது.

வடிகட்டியில் கரி சேர்வது இயல்பு. சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்குவதுதான் ரீஜெனரேஷன். நெடுஞ்சாலையில் புகையின் சூட்டிலேயே ஓரளவு எரிந்துவிடும். நகரத்தில் அந்தச் சூடு வராது. அதனால் கரி ஓர் அளவைத் தாண்டியதும் எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான ஈசியூ தானாகவே கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றுகிறது. இது முடியப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். நடக்கிறது என்பதை அறிய அடையாளங்கள் உண்டு: ஐடிலிங் 800லிருந்து 1,000 ஆர்பிஎம் பக்கம் ஏறும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, டேஷ்போர்டில் உடனடி மைலேஜ் சட்டென்று விழும், வண்டியை அணைத்தபிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். எட்டு கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது.

பாதியில் நிற்பதன் விளைவு வடிகட்டியோடு முடிவதில்லை. தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் டர்போவின் பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் தேய்த்துவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வழியாகக் கட்டாயமாக ரீஜெனரேஷன் (ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன்) செய்தால் அதே வருகையில் ஆயிலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஆயிலும் சாம்பல் குறைந்த ரகமாக இருக்க வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்ற தரக்குறி, கையேட்டில் உள்ளபடி, இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டீசல் ரக ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கும், எந்த ரீஜெனரேஷனும் அதை அகற்றாது.

சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை நடக்கிறது. முதல் வருகையில் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன். அடுத்ததில் ஈசியூ சாஃப்ட்வேர் அப்டேட். பிறகு வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் டிஃபரென்ஷியல் பிரஷர் சென்சர். அதன்பின், புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வ். எல்லாவற்றுக்கும் கடைசியில், வாரண்டி ஒப்புதல் கிடைத்தால், டிபிஎஃப்பே மாறும். கரி ஏன் அதிகமாக வருகிறது என்ற கேள்வியை இந்த வரிசை தொடுவதே இல்லை. மேலிருக்கும் குழாய் ஒழுகும்போது கீழே வாளியை மாற்றிக்கொண்டிருப்பது போன்றது இது. புது வடிகட்டியும் அதே வேகத்தில் அடைத்துக்கொள்ளும்.

இதற்கு முந்தைய பிஎஸ்4 காலத்தில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் டர்போ குழாயில் காற்று கசிந்தாலும் பின்னால் கரும்புகை வந்து காட்டிக்கொடுத்தது. இப்போது அந்தக் கரும்புகையை வடிகட்டி விழுங்கிவிடுகிறது. பின்னால் வருபவருக்குக்கூடத் தெரியாது. ஆகவே “புகையே இல்லையே, எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது” என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னால் அது ஆதாரமாகாது. சைலன்சர் குழாயின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். நல்ல டிபிஎஃப் உள்ள வண்டியில் விரலில் கரி அப்பாது. அப்பினால் வடிகட்டியின் உட்பகுதி விரிசல் கண்டிருக்க வாய்ப்புண்டு, அது வேறு பிரச்சினை.

விலை குறைந்த ஒரு பாகமும் அடிக்கடி தப்பிவிடுகிறது: கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி எஞ்சின் சூட்டை நிலையாக வைக்கும் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது, ஈசியூவும் ரீஜெனரேஷனைத் தொடங்காது. இதைப் பார்க்க, காரின் ஓபிடி எனும் சோதனை சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவியும் மொபைல் செயலியும் போதும். வண்டி நன்கு ஓடியபின் கூலன்ட் சூடு 85–90 டிகிரி பக்கம் நிலையாக நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் 70க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். பி0128 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதே கருவியில் இன்னொரு சோதனை: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு டிபிஎஃப் அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். காற்றோட்டமே இல்லாதபோது அது பூஜ்யமாக இருக்க வேண்டும். வேறு எண் காட்டினால் சென்சரே பொய் சொல்கிறது. அந்தச் சென்சருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தாலும் இதே குழப்பம் வரும். புதுச் சென்சரோ புது டிபிஎஃப்போ போட்டபிறகு ஸ்கேனர் வழியாக ஈசியூவில் பழைய மதிப்புகளை அழித்து அடாப்டேஷன் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பினால் பாகம் புதிதாக இருந்தும் விளக்கு எரியும். “அடாப்டேஷன் முடிந்தது” என்று ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுச் சீட்டில், எழுதச் சொல்வது உங்கள் உரிமை.

ரீஜெனரேஷனைத் தடுக்கும் சின்னக் காரணங்களும் உண்டு. டீசல் ரிசர்வில் இருந்தால் பல வண்டிகளில் அது தொடங்காது. செக் எஞ்சின் விளக்கு வேறு எதற்காக எரிந்தாலும் தொடங்காமல் போகலாம்.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் சோதனை. டேங்கில் பாதிக்குமேல் டீசல் இருக்கட்டும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற தடையில்லாத சாலையில், 70–80 கிலோமீட்டர் வேகத்தில், ஆர்பிஎம் 2,000க்குக் கீழே இறங்காத கியரில், நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். விளக்கு ஏற்கெனவே விட்டு விட்டு மின்னும் நிலைக்கு வந்திருந்தால் இதை முயல வேண்டாம், நேராகச் சர்வீஸ் சென்டர்தான். ரீஜெனரேஷன் முழுமையாக முடிந்தபின், அடுத்த இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓட்டி, ஒரு ரீஜெனரேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துவையுங்கள். சில செயலிகள் அந்த எண்ணை நேரடியாகக் காட்டும்; இல்லையென்றால் மேலே சொன்ன அடையாளங்களே போதும். நகரத்தில் 100, 150 கிலோமீட்டருக்கு ஒன்று என இருந்தது நெடுஞ்சாலையில் 400ஐத் தாண்டினால் வண்டி நலம், உங்கள் அன்றாட ஓட்டம்தான் அதற்கு ஒத்துவரவில்லை. நெடுஞ்சாலையிலும் 150க்கு ஒன்று வந்தால் எங்கோ கரி அதிகமாக உற்பத்தியாகிறது. இன்ஜெக்டரிலிருந்து எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று அளக்கும் லீக்-ஆஃப் சோதனை, இஜிஆர் சிக்கியிருக்கிறதா என்ற சோதனை, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் காற்றுக்கசிவுச் சோதனை ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைந்தால், கூலன்ட்டால் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரையும் பார்க்க வேண்டும்.

கேட்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். “ஜெனரல் செக்கப்” என்று ஜாப் கார்டு போட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சொன்ன குறை சொன்னபடியே இருக்க வேண்டும். கோடுகளை அழிக்கும்முன் ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரதி வாங்குங்கள். பி2463 கரி மிகுந்துவிட்டதைச் சொல்கிறது, பி2002 வடிகட்டியின் திறன் குறைந்ததைச் சொல்கிறது, பி2453 அழுத்தச் சென்சரைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே கோடா, மாறுகிறதா என்பதில் பாதி விடை இருக்கிறது. வாரண்டியில் பணம் வாங்காவிட்டாலும் மாற்றிய பாகத்தின் எண்ணோடு பூஜ்ய ரூபாய் பில் வேண்டும். வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குப் பொதுவாக வண்டியின் மிச்ச வாரண்டி காலம் மட்டுமே பாதுகாப்பு. புதுப் பாகத்துக்குப் புது வாரண்டி என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. “பயன்பாட்டால் ஏற்பட்ட அடைப்பு” என்று எழுதி மறுத்தால், மேலே சொன்ன நெடுஞ்சாலைக் குறிப்புதான் உங்கள் கையிலிருக்கும் பதில்.

காரையே மாற்றித் தரச் சொல்லலாமா? திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காருக்கு மாற்றுக் காரோ பணமோ பெற்றுத்தரும், அமெரிக்க மாநிலங்களில் உள்ள லெமன் சட்டம் இந்தியாவில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வழியாகத்தான் போக வேண்டும். வாங்கிய விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார். முதலில் 1915 எனும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்தால் நிறுவனத்தின் மேல்மட்டத்திலிருந்து பதில் வர வாய்ப்பு கூடும். முழுக் காரையும் மாற்றும் உத்தரவு எளிதில் கிடைக்காது. மாருதி உத்யோக் – சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றும் கடமைதான் என்று சொல்லி, கார் மாற்றும் உத்தரவை ரத்து செய்தது. உற்பத்திக் குறைபாடு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும். வழக்கு நடக்கும்போதே வண்டியை விற்றால் புகார்தாரர் நுகர்வோர் என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படி முடிவெடுத்ததுண்டு. ஆகவே வழக்கா, விற்பனையா என்று முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். சோதனையில் பழுது உறுதியாகி, நிறுவனம் மறுத்தால் மட்டுமே வழக்கு வழி தகும் என்பது என் கருத்து.

பணக் கணக்கு எளிது, ஆனால் பலர் போடுவதில்லை. சென்னையில் டீசல் ரூ.92, பெட்ரோல் ரூ.101 என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் டீசல் கார் 13, பெட்ரோல் கார் 10 கிலோமீட்டர் தந்தால், கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்தான் மிச்சம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்குச் சுமார் 22,000 ரூபாய். வாரண்டிக்குப் பின் டிபிஎஃப், இன்ஜெக்டர் செட், கூலரோடு இஜிஆர், டர்போ ஆகிய நான்குக்கும் சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் வாங்குங்கள். டிபிஎஃப் ஒன்றே பல வருட மிச்சத்தை விழுங்கிவிடுவது கண்முன் தெரியும். மறுபக்கம், மாற்றும் செலவிலும் ஒளிந்த தொகைகள் உண்டு. தமிழ்நாட்டில் புதுக் காருக்கு மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். பழைய காருக்குக் கட்டிய வரி திரும்பாது. கார் கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் இருக்கலாம். வண்டியில் பழுது கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள், ஓட்டமும் நெடுஞ்சாலைதான் என்றால் மாற்றாதீர்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியை, அசல் வாரண்டி முடியும்முன், டிபிஎஃப் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணமே தெரியாமல் மூன்று பாகம் மாறியிருந்தால் வாரண்டி இருக்கும்போதே விற்பது நல்லது.

டிபிஎஃப்பை வெட்டி எடுத்து ஈசியூவை மாற்றி எழுதித் தருகிறோம் என்று வெளியில் சொல்வார்கள். சட்டவிரோதம், வாரண்டியும் போய்விடும், தெருவில் நிற்கும் பிள்ளைகள் அந்தக் கரியைச் சுவாசிக்க வேண்டும். செய்யாதீர்கள்.

விற்கும்போது சர்வீஸ் வரலாற்றை முழுதாகக் காட்டுங்கள். ஓட்டம்தான் காரணம் என்று தெரிந்த கார், தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நல்ல கார். அவரிடம் உள்ளதைச் சொல்லி விற்கலாம். பழுது தீராத காரை மறைத்து இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பில்களோடு டீலரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், விலை குறைந்தாலும் சரி. அடுத்த காருக்கு, தினசரி ஓட்டம் ஒரு தடவைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் என்றால் டர்போ இல்லாத பெட்ரோலோ, வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் மின்சாரக் காரோ பாருங்கள். மாதம் 1,500 கிலோமீட்டருக்குமேல், அதிலும் பெரும்பகுதி நெடுஞ்சாலை என்றால் டீசலே இன்னும் சரி.

கைமாற்றும்போது படிவம் 29, 30, கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35. பழைய பாலிசியின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கிப் புதுக் காருக்குப் பயன்படுத்துங்கள், மூன்று வருடம் செல்லும். ஃபாஸ்டேக்கை மூடி, காரின் மொபைல் செயலியிலிருந்து உங்கள் கணக்கை நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.