தாதியர் நேர்முகப் பரீட்சைக்கு ‘பதில் கொப்பி’ விற்கிறார்கள், கவனம்

வெளிநாட்டில் தாதி வேலை தேடுகிற பிள்ளைகளும் பெற்றோரும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கல்முனைப் பக்கம் நேர்முகப் பரீட்சைப் பயிற்சி என்று சொல்லி நடக்கிற சுத்துமாத்தில் என்னுடைய 65,000 ரூபாய் போய்விட்டது. காசு போனதைவிட, அங்கே சொல்லித்தந்த பதில்களை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் களுவாஞ்சிக்குடி. மட்டக்களப்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். சவூதியில் வேலை, நேர்முகத்தில் நூறு வீதம் பாஸ் என்று முகநூலில் விளம்பரம் வந்தது. கோல் எடுத்தால் ஒரு அக்கா அன்பாகக் கதைத்தார். “தங்கச்சி, இடம் கொஞ்சம்தான் இருக்கு. இண்டைக்கே காசப் போட்டுருங்க.”

போன் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. படிப்பித்தவர் ஒருநாளும் வார்ட்டில் வேலை செய்தவர் இல்லை. டியூட்டி மாறும்போது நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்று கேட்பார்களா என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்க மாட்டாங்க மகள்” என்றார். கையில் தந்தது ஸ்டேப்ளர் அடித்த போட்டோ கொப்பிக் கட்டு. கேள்விக்குக் கீழே ஆங்கிலத்தில் பதில். அதை அப்படியே பாடமாக்க வேண்டும்.

அதில் பெரியவர்களுக்கு சி.பி.ஆர் (இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) கொடுக்கும்போது 15 தடவை நெஞ்சை அழுத்தி 2 தடவை மூச்சுக் கொடுக்கச் சொல்லி இருந்தது. 2005 ஆம் ஆண்டிலிருந்தே அது 30க்கு 2. நான் சொன்னதற்கு, “பேப்பரில உள்ளதச் சொல்லுங்க” என்று முடித்துவிட்டார். இன்னொரு கேள்வி: இன்சுலின் போட்ட நோயாளிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, தடுமாறிக் கதைக்கிறார், என்ன செய்வீர்கள்? கொப்பியில் இருந்த பதில், ‘உடனே டொக்டருக்கு அறிவிப்பேன்’. அவ்வளவுதான்.

அவர்கள் சொன்ன நேர்முகம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நானும் அந்த வகுப்பில் இருந்த சிலரும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த வேறொரு ஏஜென்சி கொழும்பில் வைத்த நேர்முகத்துக்குப் போனோம். இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். வயதான மேட்ரன் (தலைமைத் தாதி) ஒருவர் கேள்வி கேட்டார். உங்கள் பலவீனம் என்ன என்றதும் என்னோடு வந்த அக்கரைப்பற்றுப் பிள்ளை கொப்பியில் இருந்ததைச் சொன்னாள். மேட்ரன் பேனையை மேசையில் வைத்துவிட்டு, “காலையில் இருந்து இதே வசனத்தைக் கேட்கிறேன்” என்றார். பிறகு அந்த இன்சுலின் கேள்வி. அதற்கும் கொப்பிப் பதில்தான் வந்தது. அது இரத்தத்தில் சீனி குறைந்ததற்கான அறிகுறி. வார்ட்டில் என்றால் அந்தப் பிள்ளை டொக்டர் வருமுன்னே குளுக்கோஸ் அளவு பார்த்திருப்பாள். நினைவு தெளிந்து விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்திருப்பாள். தினமும் கையால் செய்கிற வேலையை வாயால் சொல்ல முடியாமல் அவளைக் கெடுத்தது அந்தக் கட்டு. நல்ல பிள்ளை அவள், திறமையான தாதி. அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

இதோடு முடியவில்லை. எம்பசிக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி எங்கள் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்திருந்தார்கள். திருப்பிக் கேட்டால் இன்னும் 20,000 கட்டச் சொன்னார்கள். ஒன்றை மனதில் வையுங்கள். நேர்முகத்துக்கு மூலச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டலாம். வகுப்பு நடத்துகிறவர் கையில் விட்டுவிட்டு வரத் தேவையே இல்லை.

அனுபவம் குறைந்தவர்களுக்கு ‘அனுபவக் கடிதம்’ செய்து தருவதாகவும் சொன்னார்கள். இது மிகவும் ஆபத்தானது. சவூதி, டுபாய் போன்ற இடங்களுக்கான தாதியர் அனுமதிக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. கடிதம் தந்ததாகச் சொல்லும் வைத்தியசாலையிடமே நேரடியாகக் கேட்பார்கள். பொய் என்று வந்தால் அந்தப் பதிவு உங்கள் பெயரில்தான் நிற்கும், கடிதம் விற்றவர் பெயரில் இல்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தபிறகுதான் சான்றிதழ்கள் திரும்பி வந்தன. காசு இன்னும் வரவில்லை. வங்கிச் சிட்டையும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் என்னிடம் இருந்ததால் பொலிஸார் காது கொடுத்துக் கேட்டார்கள். பற்றுச்சீட்டு தராத இடத்தில் ஒரு சதம்கூடக் கட்டாதீர்கள்.

வெளிநாட்டு வேலை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். 1989 க்கு அழைத்தால் விசாரிக்கலாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ‘நாங்க வகுப்பு மட்டும்தான் நடத்துறம்’ என்று பிறகு கையை விரிப்பார்கள். விளம்பரத்தில் வேலை தருவதாகப் போட்டிருந்தால் அதை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அந்த வகுப்பில் சேர்ந்து இன்னும் சான்றிதழ் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பணியகத்துக்கு எல்லோரும் சேர்ந்து முறைப்பாடு கொடுக்க கடிதம் தயாராக இருக்கிறது, கையெழுத்துத்தான் வேண்டும்.